சுவிஸுக்கு வருகிறீர்களா? ரயில், பஸ், கார் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் எங்கள் வீட்டுக்கு யாராவது வந்துவிடுவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து மாமி, டொரண்டோவிலிருந்து மச்சான், சென்னையிலிருந்து மனைவியின் தோழி குடும்பம். வருவதற்கு ஒரு மாதம் இருக்கும்போதே வாட்ஸ்அப்பில் கேள்விகள் வரத் தொடங்கும். ஆள்தான் வேறு, கேள்விகள் பெரும்பாலும் அவைதான். பேர்ணில் இருபது வருடங்களுக்கு மேலாக இருக்கிறேன், தினமும் ரயிலில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். டிசம்பரில் கால அட்டவணை மாறும்போது கட்டணமும் மாறலாம். வாங்குவதற்கு முன் ரயில்வேயின் செயலியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்தில் இறங்கியதும் கார் எடுத்துவிடவா?

வேண்டாம். குறைந்தது முதல் சில நாட்களுக்காவது வேண்டாம். சூரிச் விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. பெட்டியைத் தள்ளிக்கொண்டு கீழே இறங்கினால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சூரிச் நகரின் பெரிய நிலையம். ஜெனீவாவிலும் அப்படித்தான், ஏழு நிமிடம் போதும். நகரங்களில் கார் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் காசு அதிகம். செர்மாட், வெங்கன், மியூரன், சாஸ்-ஃபே போன்ற மலையூர்களுக்குள் நம் காரை விடவே மாட்டார்கள். செர்மாட் போக வேண்டுமென்றால் தேஷ் என்ற ஊரில் காரை விட்டுவிட்டு 12 நிமிடம் ரயிலில்தான் போக வேண்டும்.

கார் தேவைப்படும் சந்தர்ப்பங்களும் உண்டு. அதைக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

செயலியில் எஸ்.பி.பி என்று இருக்கிறது, லோசான் நிலையத்தில் வேறு எழுத்து இருக்கிறதே. வேறு கம்பெனியா?

ஒன்றேதான். ஜெர்மன் பகுதியில் எஸ்.பி.பி, பிரெஞ்சுப் பகுதியில் சே.எஃப்.எஃப், இத்தாலியப் பகுதியில் எஃப்.எஃப்.எஸ். 1902 முதல் ஓடும் அரச ரயில்வே. இதைத் தவிர பி.எல்.எஸ், ரேட்டியன் ரயில்வே என்று வேறு நிறுவனங்களும் உண்டு. ஆனால் டிக்கெட் எல்லாவற்றுக்கும் பொது. ஒரே டிக்கெட்டில் ரயில், பஸ், ஏரிப் படகு என்று மாறி மாறிப் போகலாம்.

டிக்கெட் விலையைப் பார்த்ததும் தலை சுற்றுகிறது. எதை வாங்குவது?

தலை சுற்றத்தான் செய்யும். சூரிச்சிலிருந்து பேர்ணுக்கு இரண்டாம் வகுப்பில் ஒரு வழிக்கே முழுக் கட்டணம் 50 பிராங்குக்கு மேல். ஆனால் இங்கே அடிக்கடி ரயிலில் போகிறவர்கள் அந்த விலை கொடுத்துப் போவதில்லை. பலரிடம் "ஹால்ப்டாக்ஸ்" என்கிற அரைக்கட்டண அட்டை இருக்கும். வருடத்துக்கு ஒரு தொகை கட்டினால் நாடு முழுவதும் ரயில், பஸ், படகு, பெரும்பாலான மலை ரயில் எல்லாம் பாதி விலை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு மாதத்துக்கான அரைக்கட்டண அட்டை தனியாக உண்டு.

இன்னொன்று சுவிஸ் டிராவல் பாஸ். இது சுவிஸிலும் லீக்டன்ஸ்டைனிலும் வசிக்காதவர்களுக்கு மட்டும். 3, 4, 6, 8, 15 நாள் என்று இருக்கிறது. அந்த நாட்களில் ரயில், பஸ், படகு, நகர டிராம் எல்லாம் அதிலேயே அடங்கும். ஐந்நூறுக்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களையும் அதைக் காட்டிப் பார்க்கலாம்.

இரண்டில் எது? தினமும் ஒரு ஊர் என்று நாடு முழுக்கச் சுற்றப் போகிறீர்கள், கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க மனமில்லை என்றால் பாஸ். ஒரு உறவினர் வீட்டில் தங்கி, இரண்டு நாளைக்கு ஒருமுறை வெளியே போகிறவர்களுக்கு அரைக்கட்டண அட்டைதான் லாபம். மலை ஏறுகிறவர்கள் இதையும் கவனியுங்கள். யுங்ஃபிராவ்யோஹ் (3,454 மீட்டர், 1912இல் திறந்த ரயில்) போக பாஸ் கிரிண்டெல்வால்ட் அல்லது வெங்கன் வரைதான் செல்லும், அதற்கு மேலே 25 சதவீதம் மட்டும் கழிவு. அரைக்கட்டண அட்டை என்றால் உச்சிவரை பாதி. கோடையில் முழு விலை 200 பிராங்குக்கு மேல் போகும் பயணம் அது. அந்த ஒரு நாளிலேயே அட்டைக் காசில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும்.

மச்சான் குடும்பம் வந்தபோது நான் செய்தது இது. எல்லோருக்கும் அரைக்கட்டண அட்டை எடுத்தோம். நீண்ட பயணம் போகும் இரண்டு நாட்களுக்கு மட்டும் "ஷ்பார்டாகெஸ்கார்ட்டே" என்ற, ஒரு நாள் முழுக்க நாட்டுக்குள் பயணிக்கும் சலுகை நாள்ச்சீட்டை இரண்டு மாதம் முன்பே வாங்கினோம். முன்கூட்டி வாங்கினால் அரைக்கட்டண அட்டையோடு 29 பிராங்கிலிருந்து கிடைக்கும், நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். ஆறு மாதம் முன்பே விற்பனைக்கு வந்துவிடுகிறது. மலை ரயில்கள் பலவற்றுக்கு அது செல்லாது என்பதை நினைவில் வைத்திருங்கள்.

குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டும் செல்லும் மலிவு டிக்கெட்டும் செயலியில் வரும். அந்த ரயிலைத் தவறவிட்டால் டிக்கெட்டும் போனது. குழந்தைகளோடு வருகிறவர்கள் அதை வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பிள்ளைகளுக்கு?

6 வயது ஆகாத பிள்ளை பெரியவர்களோடு வந்தால் இலவசம். 6 முதல் 15 வயதுவரை, தாயோ தகப்பனோ பாஸ் அல்லது பயணிகளுக்கான அரைக்கட்டண அட்டை வைத்திருந்தால் "ஃபேமிலி கார்ட்" இலவசமாகத் தருவார்கள், பிள்ளையும் இலவசம். ஆனால் அது கேட்டால்தான் கிடைக்கும். வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ஓல்டனில் ரயில் மாற 5 நிமிடம்தான் காட்டுகிறது. பிடிக்க முடியுமா?

முடியும். மாமி இதை நம்பவேயில்லை. "அஞ்சு நிமிசத்தில நான் படியிறங்கவே காணாது தம்பி" என்றா. பேர்ணிலிருந்து கிளம்பியதிலிருந்து கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழும்பத் தயாராகவே இருந்தா. ஓல்டனில் இறங்கி, சுரங்கப் பாதையால் நடந்து அடுத்த நடைமேடைக்கு ஏறியபோது ரயில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றது. இன்னும் ஒரு நிமிடம் மிச்சம்.

இது தற்செயல் அல்ல. 1982 மே மாதத்தில் இந்த நாடு ஒரு முறைக்கு மாறியது. மணிக்கு ஒரு ரயிலாவது, ஒவ்வொரு மணியும் அதே நிமிடத்தில். 8.02க்கு ஒன்று என்றால் 9.02க்கும் 10.02க்கும் உண்டு. 2004 டிசம்பரில் அதை இன்னும் இறுக்கினார்கள். சூரிச், பேர்ண், பாசல் போன்ற பெரிய சந்திப்புகளுக்கு இடையே பயணம் ஒரு மணிக்குள் அடங்கும்படி புதுத் தண்டவாளம் போட்டார்கள். சூரிச்சிலிருந்து பேர்ணுக்கு இப்போது 56 நிமிடம். இன்னும் வேகமாக ஓட்டலாமே என்று கேட்பார்கள். தேவையில்லை. மணி முழுசாவதற்குச் சற்று முன் எல்லாத் திசையிலிருந்தும் ரயில்கள் உள்ளே வர வேண்டும், சனம் மாறி ஏற வேண்டும், மணி கழிந்த சில நிமிடத்தில் எல்லாம் கிளம்ப வேண்டும். அந்த நாலு நிமிட மிச்சம் நமக்காக விட்டது. முதலில் கால அட்டவணையைப் போட்டுவிட்டு, அதற்கு ஏற்றபடி பாதையைக் கட்டிய நாடு இது. மலையூரின் மஞ்சள் பஸ்கூட அந்தக் கணக்கில்தான் நிலைய வாசலில் காத்துநிற்கிறது.

ஆகவே செயலி ஒரு இணைப்பைக் காட்டினால் அதை நம்பலாம். நிலையம் வருவதற்கு முன் ரயிலின் திரையிலேயே அடுத்த ரயில் எந்த நடைமேடையில் என்று போடுவார்கள். நடைமேடையில் ஏ, பி, சி, டி என்று பகுதி பிரித்திருக்கும். உங்கள் பெட்டி எங்கே நிற்கும் என்பதைப் பலகையில் பார்த்து அங்கேயே நில்லுங்கள். மஞ்சள் கோடு போட்ட பெட்டி முதல் வகுப்பு. வயதானவர்களும் பெரிய சூட்கேஸும் சேர்ந்து வந்தால் செயலியில் மாறும் நேரத்தை 10 நிமிடமாகக் கூட்டிவைத்துத் தேடலாம். ரயில் போய்விட்டாலும் அரை மணியிலோ ஒரு மணியிலோ அடுத்தது உண்டு.

ஓல்டனில் மாமியை நின்று பார்க்கவைத்த ஒன்று நிலையக் கடிகாரம். 1944இல் ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் என்ற பொறியாளர் வடிவமைத்தது. கறுப்பு முட்கள் இரண்டு. பிறகு சேர்ந்த சிவப்பு நொடி முள்ளின் முனையில் வட்டமாக ஒரு தட்டு, ரயில்காரர் கையில் தூக்கிக் காட்டும் தட்டுப் போல. அந்தச் சிவப்பு முள் ஒரு நிமிடம் ஆவதற்குள்ளேயே சுற்றி வந்து, 12இன் மேலே மூச்சுப் பிடித்தாற்போல் ஒன்றரை நொடி நிற்கும். நிமிட முள் டக்கென்று ஒரு கோடு தாவும். அதற்குப் பிறகுதான் சிவப்பு முள் நகரும். மாமி திரும்பி வரும்போதும் அதைப் பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறினா.

இருக்கை முன்பதிவு செய்ய வேண்டுமா?

நாட்டுக்குள் ஓடும் சாதாரண ரயில்களுக்கு வேண்டாம். டிக்கெட் இருந்தால் எந்த ரயிலிலும் ஏறி, காலியாக உள்ள இடத்தில் உட்காரலாம். கிளேசியர் எக்ஸ்பிரஸ், பெர்னினா எக்ஸ்பிரஸ் போன்ற பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த சுற்றுலா ரயில்களுக்கு மட்டும் முன்பதிவு கட்டாயம், அதற்குத் தனிக் காசு.

எங்கள் வீட்டு விருந்தினருக்கு நான் சொல்வது இதுதான்: பெர்னினா பாதையில் சாதாரணச் சிவப்பு ரயிலும் ஓடுகிறது. அதே தண்டவாளம், அதே 2,253 மீட்டர் உயரம், புருசியோவில் வட்டமடித்து இறங்கும் அதே பாலம். முன்பதிவுக் காசு இல்லை. நடுவில் பிடித்த இடத்தில் இறங்கி ஒரு மணி நேரம் நடந்துவிட்டு அடுத்த ரயிலில் ஏறலாம். யுனெஸ்கோ 2008இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்த பாதை இது.

கேட் எதுவும் இல்லையே. டிக்கெட் இல்லாமல் ஏறிவிட்டால்?

நிலையத்தில் யாரும் தடுக்க மாட்டார்கள். ரயிலுக்குள் வருவார்கள். முதல் முறையே ஏறக்குறைய 100 பிராங்க் கட்ட வேண்டும், பெயரும் பதிவாகும். ரயில் நகர்ந்த பிறகு செயலியில் வாங்கிய டிக்கெட்டும் செல்லாது. ஏறுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். அரைக்கட்டண டிக்கெட்டோடு அட்டையையும் காட்ட வேண்டும். பாஸில் பெயர் இருப்பதால் கடவுச்சீட்டும் கையில் இருக்கட்டும்.

ஒரே ரயில், ஆனால் நாங்கள் வேறு ஊருக்குப் போய்விட்டோம். எப்படி?

ரயில் நடுவழியில் பிரிந்திருக்கும். இன்டர்லாக்கன் ஓஸ்டிலிருந்து மலைக்குப் போகும் ரயிலில் இது அடிக்கடி நடக்கும். ஸ்வைலூட்ஷினனில் ஒரு பாதி லவுட்டர்புருன்னனுக்கும் மறு பாதி கிரிண்டெல்வால்டுக்கும் பிரியும். நடைமேடைப் பலகையில் எந்தப் பகுதி எந்த ஊருக்கு என்று எழுதியிருக்கும். பெட்டியின் பக்கத்திலும் எழுதியிருக்கும், ஏறும்போது வாசியுங்கள்.

நீண்ட தூர பஸ் மலிவாகக் கிடைக்காதா?

பாரிஸ், மிலான், மியூனிக் என்று எல்லை தாண்டிப் போக ஃபிளிக்ஸ்பஸ் மலிவு. ஆனால் சூரிச்சில் ஏறி பேர்ணில் இறங்க அதில் டிக்கெட் தர மாட்டார்கள், சட்டம் அப்படி. நாட்டுக்குள் நீண்ட தூரம் என்றால் ரயில்தான்.

பஸ்ஸின் அருமை ரயில் முடியும் இடத்தில் தொடங்குகிறது. 1906இல் பேர்ணிலிருந்து முதல் தபால் மோட்டார் பஸ் ஓடியது. இன்று அந்த மஞ்சள் "போஸ்ட்ஆட்டோ" ரயில் போகாத பள்ளத்தாக்குகளுக்கெல்லாம் போகிறது. மலைவளைவு வரும்போது மூன்று சுரத்தில் ஹாரன் அடிக்கும். இறங்க வேண்டிய இடத்துக்கு முன் பொத்தானை அழுத்துங்கள், அழுத்தாவிட்டால் ஆளில்லாத தரிப்பில் நிற்காமல் போய்விடும். கடைசி பஸ் எப்போது என்று போகும்போதே பாருங்கள். சில ஊர்களில் மாலை ஆறு ஏழு மணியோடு சரி.

நகரத்துக்குள் டிராம், பஸ்ஸுக்குத் தனி டிக்கெட்டா?

வலயக் கணக்கு. நகரத்தை வலயங்களாகப் பிரித்திருப்பார்கள். வாங்கிய வலயத்துக்குள், டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் முடியும்வரை டிராம், பஸ், உள்ளூர் ரயில் எதிலும் போகலாம். பேர்ண், பாசல், ஜெனீவாவில் ஹோட்டலில் தங்கினால் உள்ளூர்ப் பயண அட்டையை இலவசமாகத் தருவார்கள். திச்சினோ மாநிலத்தில் மாநிலம் முழுக்கவே செல்லும் அட்டை தருகிறார்கள். இதை வரவேற்பு மேசையில் கேட்டு வாங்குங்கள். உறவினர் வீட்டில் தங்கினால் இது கிடைக்காது.

என்னிடம் எஃப் பெர்மிட் இருக்கிறது. விருந்தினரோடு எங்கும் போகலாமா?

இந்தக் கேள்வியைச் சுற்றுலாப் பக்கங்களில் எங்கும் பார்க்க முடியாது, ஆனால் நம் ஆட்களுக்கு இது பெரிய விஷயம். எஃப் (தற்காலிகமாகத் தங்க அனுமதி பெற்றவர்கள்) அல்லது என் (அகதிக் கோரிக்கைக்கு முடிவு வராதவர்கள்) பெர்மிட் உள்ளவர்கள் அனுமதிப் பத்திரமில்லாமல் நாட்டைவிட்டு வெளியே போக முடியாது. சில ரயில்கள் சொல்லாமலே வெளியே போய்வருகின்றன. பெர்னினா ரயில் முடியும் டிரானோ இத்தாலியில் இருக்கிறது. பிரிக்கிலிருந்து டொமோடொசோலா வழியாக லொகார்னோ போகும் அழகான பாதையும் இத்தாலிக்குள்ளால்தான். பாசல் 10ஆம் இலக்க டிராம்கூட ரோடர்ஸ்டோர்ஃப் போகும் வழியில் லேமன் என்ற பிரெஞ்சு ஊரைத் தொட்டுப் போகிறது. எல்லைக்கு முந்தைய நிலையத்தில் இறங்கித் திரும்பலாம். பெர்னினாவில் என்றால் போஸ்கியாவோ வரை போனாலே பாதையின் சிறந்த பகுதிகள் பெரும்பாலும் பார்த்தாகிவிடும். புருசியோ பாலம் மட்டும் அதற்கும் கீழே, அதுவும் எல்லைக்கு இந்தப் பக்கம்தான்.

சரி, கார் எடுக்கத்தான் போகிறோம். என்ன தெரிந்திருக்க வேண்டும்?

முதலில் விக்னெட். நெடுஞ்சாலைக் கட்டணம், வருடத்துக்கு 40 பிராங்க். ஒரு நாளைக்கு மட்டும் என்று கிடையாது. 2023 ஆகஸ்ட் முதல் இணையத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்தும் வாங்கலாம். இல்லாமல் பிடிபட்டால் 200 பிராங்க் தண்டம், விக்னெட் காசு வேறு. இங்கே எடுக்கும் வாடகைக் காரில் ஏற்கெனவே இருக்கும். லண்டன், பாரிஸ், ஜெர்மனியிலிருந்து சொந்தக் காரில் வருகிறவர்கள்தான் மறக்கிறார்கள்.

வேகம்: ஊருக்குள் 50, வெளியே 80, நெடுஞ்சாலையில் 120. குடியிருப்புகளில் 30 பலகை அதிகம். 50 இடத்தில், கருவிக்கான சலுகையைக் கழித்த பிறகும் 56 வந்தால் 120 பிராங்க். வாடகைக் கார் என்றாலும் வீட்டு விலாசத்துக்குக் கடிதம் வரும். பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும். பலகை எதுவும் இல்லாத சந்தியில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்குத்தான் முதல் வழி. இலங்கையிலும் இந்தியாவிலும் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் தடுமாறுவது அங்கேதான். ஊர் அனுமதிப்பத்திரத்தோடு சர்வதேச அனுமதிப்பத்திரமும் எடுத்து வாருங்கள், வாடகைக்குக் கொடுப்பவர்கள் பலர் கேட்பார்கள்.

மலைப்பாதையில் நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகுழல் வரைந்திருந்தால், அங்கே போஸ்ட்ஆட்டோவுக்கு முன்னுரிமை. அதன் சாரதி பின்னால் போகச் சொன்னால் போக வேண்டும், அவர் சொல்வதுதான் அங்கே சட்டம்.

ஃபுர்கா, கிரிம்சல், சுஸ்டன் போன்ற உயர்ந்த கணவாய்கள் குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும், பெரும்பாலும் ஜூன் வாக்கில்தான் திறக்கும். காரையே ரயிலில் ஏற்றிக் குகைக்குள்ளால் கொண்டுபோகும் வசதி உண்டு. காண்டர்ஷ்டெக்கிலிருந்து கோப்பன்ஷ்டைனுக்கு காரில் உட்கார்ந்தபடியே கால் மணி நேரம், பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். கோத்தார்ட் சாலைக் குகை 1980இல் திறந்தது, 16.9 கிலோமீட்டர். ஈஸ்டரிலும் கோடை விடுமுறைச் சனிக்கிழமைகளிலும் அதன் வாசலில் கிலோமீட்டர் கணக்கில் கார்கள் நிற்கும். அந்த நாட்களில் லுகானோ போகிறவர்கள் ரயிலில் போங்கள். 57 கிலோமீட்டர் நீளமான கோத்தார்ட் அடிவாரக் குகை 2016 முதல் இருக்கிறது, சூரிச்சிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

நீலக் கோடு போட்ட இடத்தில் இலவசமாக நிறுத்தலாமா?

நிறுத்தலாம், ஆனால் கண்ணாடிக்குள் நீல நிற நேர அட்டை வைக்க வேண்டும். வந்த நேரத்துக்கு அடுத்து வரும் அரைமணிக் கோட்டில் அம்புக்குறியை வையுங்கள். 10.10க்கு வந்தால் 10.30இல் வைத்து, 11.30வரை நிற்கலாம். 11.30க்கும் 13.30க்கும் இடையில் வந்தால் 14.30வரை. மாலை ஆறு மணிக்குப் பிறகு மறுநாள் காலை ஒன்பதுவரை. எனக்கு இங்கே கிடைத்த முதல் தண்டப்பணம் இதில்தான். இலவசம்தானே என்று அட்டை வைக்காமல் பத்து நிமிடம் கடைக்குப் போனேன், 40 பிராங்க். வெள்ளைக் கோட்டில் பெரும்பாலும் காசு கட்ட வேண்டும். மஞ்சள் கோடு தனியாருடையது, அங்கே நிறுத்தவே கூடாது.

இங்கே குடியேறி வந்தவர்கள் ஊர் அனுமதிப்பத்திரத்தில் எவ்வளவு காலம் ஓட்டலாம்?

12 மாதம். அதற்குள் மாற்ற வேண்டும். இலங்கை, இந்திய அனுமதிப்பத்திரத்துக்கு ஒரு பரிசோதனை ஓட்டம் உண்டு. அதில் தவறினால் மறுபடி கேட்க முடியாது, பழகுநராக அடியிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே ஊரில் பல வருடம் ஓட்டியவராக இருந்தாலும், முன்பே ஒரு பயிற்றுநரோடு நாலைந்து மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அந்தக் காசை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு வருடத்தை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

கோயிலுக்குப் போக வேண்டும் என்று அம்மா சொல்கிறா. ரயிலில் முடியுமா?

தாராளமாக. பேர்ணில் ஐரோப்பாபிளாட்ஸ் நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே 2014இல் திறந்த சமயங்களின் இல்லம், அதற்குள் நம் சிவன் கோயில். சூரிச்சுக்குப் பக்கத்தில் அட்லிஸ்வில் முருகன் கோயிலுக்கு, பெரிய நிலையத்தில் 21, 22ஆம் நடைமேடையிலிருந்து எஸ்4 என்ற உள்ளூர் ரயில். ஐன்சீடலன் கறுப்பு மாதாவிடம் சைவர்களும் போகிறார்கள். வெடன்ஸ்வில்லில் எஸ்13க்கு மாற வேண்டும். மரியாஷ்டைன் மாதா என்றால் பாசலிலிருந்து 10ஆம் இலக்க டிராமில் ஃபிளூவரை, பிறகு போஸ்ட்ஆட்டோ. ஃபிளூ எல்லைக்கு இந்தப் பக்கம்தான், எஃப் பெர்மிட்காரரும் பயப்படாமல் வரலாம். ஒரே ஒரு தரிப்பு கூடப் போய்விடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அடுத்தது லேமன்.